பாஸ் முன்னாடியே வாங்கணுமா, அங்கிள்?

என் நாற்காலியில் இப்போது மாற்றி மாற்றி உட்காரும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. அந்த நாற்காலியின் இடது பக்கச் சக்கரம் ஆடும். பிரிண்டரை எட்டிப் பிடிக்க வேகமாகத் திரும்பாதீர்கள். நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன், இரண்டு முறையும் வாடிக்கையாளர் எதிரில்.

மான்மவுத் ஜங்ஷன் என்கிற இந்தச் சின்ன ஊரில் மளிகைக் கடைக்கு மேல் ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு, நம் ஊர்க் குடும்பங்களுக்கு அமெரிக்காவைச் சுற்றிப் பார்க்க ரூட் போட்டுக் கொடுப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. ஃப்ளைட், ஹோட்டல், வாடகை வேன், எந்த ஊரில் தோசை கிடைக்கும், எந்த ஊரில் கையோடு புளியோதரை கொண்டுபோக வேண்டும் என்பது வரை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்போம். அதற்குப் பெயர் ரூட் ஷீட். நீங்கள் அதை இப்போது போனில் அனுப்பிவிடுகிறீர்கள். நல்லதுதான். ஆனாலும் ஒரு பிரதி அச்சடித்துக் கையிலும் கொடுங்கள். பாலைவனத்தில் சிக்னல் இருக்காது, தாள் இருக்கும்.

எனக்கு விடைகொடுக்க நீங்கள் பிரியாணி வாங்கி வைத்த அன்று நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. யாரோ ஒரு அம்மா, தினமும் வரும் அதே கேள்வி. "நேஷனல் பார்க்குக்கு பாஸ் முன்னாடியே வாங்கணுமா?" உங்களில் இளையவர் திரையைப் பார்த்தபடி கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார். எந்தப் பார்க்குக்குப் பாஸ், எதற்குப் பாஸோடு நேரமும் தனியாக புக் பண்ண வேண்டும், எந்த கேட்டில் ரொக்கம் வாங்க மாட்டார்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு என்ன விதி, எல்லாம் சரி. கிளம்புகிற வாரம் இன்னொரு தடவை விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கிறது என்றும் சொன்னார். திருத்துவதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அவர் உடனே போனை வைத்ததும் நான் பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கேள்விக்கு நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பதில் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

உண்மையில் அதற்கு என்னிடம் மூன்று காலத்தில் மூன்று பதில் இருந்தது.

முதல் பதில், "அதெல்லாம் வேணாம், கேட்லயே வாங்கிக்கலாம்" என்பது. ஊரே அப்படித்தான் சொன்னது, நானும் சொன்னேன். பக்கத்து ஊர் பிஸ்கட்டவேயிலிருந்து ஒரு குடும்பம் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று கேட்டது. கணவர் மருந்து கம்பெனியில் வேலை, கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிக் காத்திருந்தவர். விடியற்காலை கேட்டுக்குப் போனால் கட்டணம் வாங்கும் கூண்டில் ஆள் இல்லை. 'ஆள் இல்லாவிட்டால் உள்ளே போகலாம், திரும்பும்போது கட்டணம் செலுத்தலாம்' என்று போர்டு இருக்கிறது. பத்து வயது மகள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "அப்பா, ஜஸ்ட் கோ!" என்றிருக்கிறாள்.

"போர்டு சொல்லும்மா. நாளைக்கு எவனாவது கேட்டா போர்டா வந்து பதில் சொல்லும்?" என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டார் அப்பா.

கூண்டுக்கு ஆள் வரும்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் நாலைந்து கார்கள் சர்ரென்று உள்ளே போயின. ஒருவர் நிறுத்தி, வண்டி ரிப்பேரா என்று விசாரித்துவிட்டும் போனார். சூரியன் அவர்களுக்குப் பின்னால் உதித்தது. "அங்கிள், சன்ரைஸை சைடு மிரர்ல பார்த்தோம்" என்று திரும்பி வந்து அவர் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். விசா காகிதம் கையில் வராதவன் இந்த நாட்டில் ஆளில்லாத கேட்டைத் தாண்ட மாட்டான். நானும் பதினோரு வருடம் அப்படி இருந்தவன்தான். எனக்கு எல்லாம் கைக்கு வந்ததும் அந்தப் பயம் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது. அன்றிலிருந்து என் இரண்டாவது பதில், "முன்னாடியே வாங்கிடுங்க, கையில வச்சுக்குங்க."

அதோடு விட்டிருந்தால் நான் நல்லவன். எனக்குத்தான் கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் அதிகமாயிற்றே. மூன்றாவது பதிலைக் கண்டுபிடித்தேன்.

சீனியர் பாஸ் பற்றி உங்களுக்குத் தெரியும். அறுபத்திரண்டு வயது தாண்டி, சிட்டிசனாகவோ கிரீன் கார்டு வைத்தவராகவோ இருந்தால் ஆயுள் முழுக்க ஒரே பாஸ். அந்தப் பெரியவர் வண்டிக்குள் இருந்தால் போதும், கூட இருப்பவர்களும் அதே பாஸில் உள்ளே போய்விடலாம். இது தெரிந்ததும் நம் ஜனங்களிடையே கிரீன் கார்டு வாங்கிய தாத்தா பாட்டிகளுக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே! அதுவரை "உங்களுக்கு முட்டி வலி, வீட்டிலேயே இருங்க" என்று சொல்லப்பட்டவர்களுக்கெல்லாம் முன்சீட்டு கிடைத்தது. சொந்தத் தாத்தா இல்லாத ஒரு குடும்பம் பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன கதைகூட உண்டு. கல்யாண வீட்டில் காருக்கு இத்தனை பேர் என்று பிரித்து ஏற்றுவார்களே, அது மாதிரி நானும் ரூட் ஷீட்டில் வண்டிக்கு ஒரு பெரியவரைப் பிரித்துப் போட ஆரம்பித்தேன். "பாஸ் வாங்கணுமா?" என்று கேட்டால், "எதுக்கு? வீட்ல பெரியவங்க எத்தனை பேர்?" என்று திருப்பிக் கேட்பேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்படித்தான் சான்டா கிளாராவிலிருந்து சரவணன் கூப்பிட்டார். அவர் குடும்பமும், டெக்ஸாஸில் இருக்கும் அவர் தங்கை கவிதாவின் குடும்பமும் சேர்ந்து, மேற்கு டெக்ஸாஸில் ஒரு பெரிய பாலைவனப் பூங்காவுக்குப் போவதாகத் திட்டம். இரண்டு வேன். ஈரோட்டிலிருந்து வந்து மகளோடு இருக்கும் அப்பா அம்மாவும் கூட வருகிறார்கள். அப்பா நாச்சிமுத்து, அம்மா ருக்மணி. மகள் சிட்டிசன் என்பதால் இருவருக்கும் கிரீன் கார்டு, இருவருக்கும் சீனியர் பாஸ்.

"அங்கிள், ரெண்டு வேனுக்கும் பாஸ் முன்னாடியே வாங்கணுமா? ஏதாவது ஆப்ஷன் இருக்கா?"

"உங்க வீட்லயே ரெண்டு பாஸ் நடமாடிட்டு இருக்கு. அப்பாவை உங்க வேன்ல போடுங்க, அம்மாவைத் தங்கச்சி வேன்ல போடுங்க. முடிஞ்சது" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ருக்மணி அம்மாவே எனக்குப் போன் பண்ணினார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள். ஷீட்டை மகள் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லோணும். அவரை என் பக்கத்துலயே உக்கார வச்சிருங்க. கொஞ்ச நாளா மறதிங்க. நான் பக்கத்துல இருந்தா ஒண்ணும் தெரியாது. இல்லீனாத்தான் தெரியும்."

"கேட் வரைக்கும்தாம்மா. கேட் தாண்டினதும் நீங்க மாறி உக்காந்துக்கலாம்."

"அப்பச் சரிங்க தம்பி" என்று வைத்துவிட்டார்கள்.

சொன்னேனே தவிர, அதை ஷீட்டில் எழுதவில்லை. ஏற்கெனவே அனுப்பிவிட்ட ஷீட்டை ஒரு வரிக்காகத் திரும்ப எடுத்துத் திருத்துவானேன் என்ற சோம்பல்தான். வண்டி ஒன்றில் அய்யா, வண்டி இரண்டில் அம்மா. கேட் தாண்டியதும் முதல் வண்டி மண்பாதையில் போய்ப் பழைய சுரங்கத்தைப் பார்க்கும், சரவணனின் பிள்ளைகளுக்கு அதுதான் ஆசை. இரண்டாவது வண்டி நேராகப் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதிக்குப் போய்விடும். ஒரு மணிக்கு விடுதியில் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. ஷீட்டில் இருந்தது இவ்வளவுதான்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. என் மனைவி கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தை மைக்ரோவேவில் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், போன். டெக்ஸாஸ் நம்பர். விடுதியின் லேண்ட்லைனிலிருந்து ருக்மணி அம்மா.

"தம்பி, ஒரு மணிக்கு வாரேன்னாங்க. இப்ப ரெண்டரை ஆச்சு. இன்னும் காணோம். போனும் போக மாட்டேங்குது."

நான் ரொம்ப அனுபவசாலி மாதிரி, "அங்க சிக்னல் இருக்காதும்மா. போட்டோ எடுத்துக்கிட்டு நிப்பாங்க. இன்னும் அரை மணி பாக்கலாம்" என்றேன். மாப்பிள்ளை, அதாவது கவிதாவின் கணவர், போனை வாங்கி நான் சொன்னதற்கு மேல் ஒரு பங்கு பேசினார். "அதேதான் அங்கிள். இப்ப ரேஞ்சரைக் கூப்பிட்டா ரிப்போர்ட் கிப்போர்ட்னு போகும். சரவணனுக்கு எச்-ஒன் விசா எக்ஸ்டென்ஷன் வேற பெண்டிங்ல இருக்கு. எதுக்கு வம்பு?"

அவர் கையிலிருந்து போன் பிடுங்கப்படும் சத்தம் எனக்குக் கேட்டது.

"தம்பி, அவங்க என்ன ரிப்போர்ட் வேணா எழுதட்டும். காலைல கேட்ல நாங்க மாறவே இல்லீங்க. ஷீட்ல அப்படி இல்லையேன்னு மாப்ள வண்டிய எடுத்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு அந்த வண்டிலயே போயிட்டாரு. வெயில்ல எறங்கி எங்கியாச்சும் நடந்துருவாரு. நீங்க ஆளக் கூப்பிடுங்க."

எனக்கு அந்த சைடு மிரர் ஞாபகத்துக்கு வந்தது. காகிதத்துக்குப் பயந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்த அந்தக் குடும்பம். அவர்கள் இழந்தது ஒரு சூரிய உதயம். இங்கே ஒரு ஆள். லேண்ட்லைனில் அம்மாவை வைத்துக்கொண்டே, செல்போனில் பூங்காவின் அவசர எண்ணை அழுத்தினேன். எல்லா ஷீட்டிலும் கடைசி வரியில் அச்சடிப்பேன், ஒருநாளும் நானே கூப்பிட்டதில்லை.

எடுத்தது பூங்காவைக் காக்கும் ரேஞ்சர்களில் ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும் குரலை வைத்துப் பார்த்தால். அவசரமே இல்லாத குரல். என்ன வண்டி, எத்தனை பேர், எந்தப் பாதை என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "கணவனும் மனைவியும் ஏன் தனித்தனி வண்டியில் போனார்கள்?" என்றார்.

பேரப்பிள்ளைகளோடு இருக்க ஆசைப்பட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. எப்படியோ உண்மையைச் சொல்லிவிட்டேன். "இரண்டு பேரிடமும் சீனியர் பாஸ் இருந்தது. இரண்டு வண்டியும் பாஸ் வாங்காமல் போகட்டும் என்று நான்தான் பிரித்து உட்கார வைத்தேன். அது என் யோசனை."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "அப்படியானால் எனக்கு அவரை ஞாபகம் இருக்கிறது" என்றார். காலையில் கேட் கூண்டில் இருந்தது அவரேதான். ஆள் குறைவான பூங்கா, காலையில் கேட், மதியம் ரேடியோ அறை. ஒரு பெரியவர் கார்டை நீட்டி, பின்னால் வரும் வண்டியில் என் மனைவி இருக்கிறாள், அது எங்கள் பின்னாலேயேதான் வரும் அல்லவா என்று இரண்டு முறை கேட்டாராம். இவரும் ஆமாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மண்பாதைப் பக்கம் ஒரு வண்டியை அனுப்பிவிட்டு, லைனிலேயே இருங்கள் என்றார்.

இருபது நிமிடம் கழித்துத் தகவல் வந்தது. வேன் கிடைத்துவிட்டது. டயர் பஞ்சர், ஜாக்கி மணலில் புதைந்துவிட்டது, சரவணன் வண்டிக்கு அடியில் படுத்துப் போராடிக்கொண்டிருந்திருக்கிறார். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் பத்திரம். நாச்சிமுத்து அய்யாவை மட்டும் காணோம். ஒரு மணி நேரமாக. தலையில் தொப்பி கிடையாது, கையில் தண்ணீர் கிடையாது. சுரங்கத்தைப் பார்க்க முன்னால் போயிருப்பார் என்று மகன் நினைத்து, அந்தப் பக்கம் ஓடிப்போய்க் கத்திக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. ரேஞ்சர்களும் அந்தப் பக்கம்தான் தேடப் புறப்படுகிறார்கள். அவருக்கு மறதி உண்டு என்று சொன்னேன்.

"ஒரு கேள்வி. அவர் என்ன வேலை பார்த்தார்?" என்றார் அந்தப் பெண்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆளைத் தேடாமல் இதென்ன பயோடேட்டா விசாரணை! ஆனால் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது, ஏனென்றால் எனக்குப் பதில் தெரியாது. அவர் வயது தெரியும், பாஸ் தெரியும், சாப்பாட்டில் வெங்காயம் சேர்ப்பாரா என்பது தெரியும். அவர் யார் என்று நான் கேட்டதே இல்லை. மற்றக் காதில் இருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கண்டக்டருங்க தம்பி. கவர்மென்ட் பஸ்ஸு. முப்பத்திரண்டு வருசம்."

அதை இங்கிலீஷில் சொன்னேன். மறதி உள்ளவர்களின் கால் பழைய வேலையின் பழக்கத்தில்தான் போகும் என்று சொல்லிவிட்டு, உடனே அடுத்ததைக் கேட்டார். "வழியில் பஸ் நின்றுவிட்டால் உங்கள் ஊரில் கண்டக்டர் என்ன செய்வார்?"

அந்த பஸ்களில் வளர்ந்தவன் நான். பவானி ரோட்டில் பஸ் படுத்துக்கொள்ள, வெயிலில் மூட்டை முடிச்சோடு நின்றவன். எனக்கு அந்த நிமிடமே பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அம்மாவிடமே கேட்டேன்.

"என்ன செய்வாரு? எறங்கிப் பின்னாடி நடந்து போயி, அடுத்து வர்ற பஸ்ஸக் கைகாட்டி நிறுத்தி, ஜனங்கள அதுல ஏத்தி விடுவாரு" என்றவர்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மெதுவாக, "தம்பி, அவரு என் வண்டிய நிறுத்தப் போயிருக்காருங்க" என்றார்கள்.

செல்போனை வாய்க்கருகே இழுத்தேன். ரேஞ்சரிடம் சொல்லி முடித்தேன். அவர் முன்னால் போகவில்லை, வந்த வழியே பின்னால் போயிருக்கிறார். மனைவி இருக்கும் வண்டி பின்னால் வருகிறது என்று நம்பிப் போயிருக்கிறார்.

"ஆனால் எங்கள் வண்டி அந்த வழியாகத்தானே வந்தது, யாரும் கண்ணில் படவில்லையே" என்று ரேஞ்சர் யோசித்தார். யோசித்தபடியே, "ஒரு இடத்தில் காய்ந்த ஓடை ஒன்று பாதையை வெட்டிக்கொண்டு போகும். நடந்து வருபவருக்கு அதுவும் பாதை மாதிரியே தெரியும்" என்றார். ரேடியோவில் அவர் ஆட்களைத் திருப்புவது எனக்குக் கேட்டது. வண்டி வந்த வழியே திரும்பியது.

அடுத்த அரை மணி நேரத்தை நான் வாழ்க்கையில் மறக்க முடியாது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. அம்மா போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இடையில், "சாப்டீங்களா தம்பி?" என்றார்கள். மைக்ரோவேவ் எப்போதோ கூவி ஓய்ந்திருந்தது. அந்தக் கேள்வியில் நான் உடைந்துபோனேன்.

"அம்மா, மாறி உக்காரச் சொல்லி நான் ஷீட்ல எழுதாம விட்டுட்டேன். நீங்க அவ்வளவு தூரம் சொல்லியும் எழுதல. தப்பு என் மேலதான்."

"எழுதாட்டி என்னங்க தம்பி, எனக்கு வாய் இல்லீங்களா? நானும் வண்டிய நிறுத்துன்னு சொல்லியிருக்கோணும். பிள்ளைங்க சந்தோசமாப் போறாங்களேன்னு சும்மா இருந்துட்டேன். அவரு கெடைக்கட்டும், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்கிக்கலாம்."

பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெண்மணி, தன் பயத்துக்குக் காரணமானவனைச் சமாதானப்படுத்துகிறார்கள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அய்யா கிடைத்தார். ஓடைக்குள் கொஞ்ச தூரத்தில், ஒரு முள்மரத்தின் நூலளவு நிழலில் நின்றிருக்கிறார். உதடு வெடித்து, சட்டை நனைந்து, ஆனால் நின்றுகொண்டுதான். ரேஞ்சர் வண்டியின் புழுதியைப் பார்த்ததும் பாதை நடுவில் வந்து வலது கையைத் தூக்கி நிறுத்தினாராம். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். கதவைத் திறந்து ஏறச் சொன்னார்கள், ஏறவில்லை. சட்டைப் பையிலிருந்து சீனியர் பாஸை எடுத்து நீட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "இந்த வண்டிக்கு இது செல்லுமா?" என்று கேட்டிருக்கிறார்.

செல்லும் சார், ஏறுங்கள் என்றார்களாம்.

"எனக்கு இருக்கட்டும். அங்கே நாலு பேர் நிக்கறாங்க. முதல்ல அவங்கள ஏத்துங்க" என்றாராம்.

இதை அந்தப் பெண் எனக்கு போனில் சொல்லும்போது, அதுவரை ஆடாத அவர் குரல் ஆடியது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். காலையிலிருந்து அந்த மனிதரை நாங்கள் எல்லோரும் ஒரு பாஸாக நடத்தியிருந்தோம். அவரோ வண்டி நின்ற நிமிடத்திலிருந்து வேலையில் இருந்திருக்கிறார். நன்றி சொல்ல அடுத்த வாரம் கூப்பிட்டபோது அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். பெயரெல்லாம் எதற்கு, அன்று ட்யூட்டியில் இருந்தேன், அவ்வளவுதான் என்றார். "ஏன் பிரித்து உட்கார வைத்தீர்கள் என்று கேட்டபோது நீங்கள் பூசி மெழுகியிருந்தால் எனக்கு அவர் ஞாபகம் வந்திருக்காது" என்று மட்டும் சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்கு இந்தத் தொழிலை உண்மையில் கற்றுக் கொடுத்தது முகம் தெரியாத அந்தப் பெண்தான். ஒரே மதியத்தில் கற்றுக் கொடுத்தார். கும்பிடுவதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் நன்றியோடு இருக்கிறேன்.

பயந்தது போல் ரிப்போர்ட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரவணனுக்கு எக்ஸ்டென்ஷன் ஒழுங்காக வந்தது. நம்மவர்கள் இன்னமும் உங்களிடம் இந்தப் பயத்தைச் சொல்லித் தயங்குவார்கள். ஆபத்தில் இருக்கும்போது உதவி கேட்பதற்கு எந்த விசாவும் தேவையில்லை என்று நீங்கள்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஆகவே, பாஸ் முன்னாடியே வாங்கணுமா என்று கேட்டால், தூரத்துப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு, ஆமாம், வண்டிக்கு ஒன்று வாங்கிடுங்க என்று சொல்லுங்கள். கூண்டில் ஆள் இல்லாமல் இருக்கலாம், போனில் வாங்கலாமென்றால் சிக்னல் இருக்காது. அப்புறம் போனை வைத்துவிடாதீர்கள். யார் யார் எந்த வண்டியில் என்று கேளுங்கள். பெரியவர்கள் இருந்தால் என்ன வேலை பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். சிரிப்பார்கள், கேட்டுவிடுங்கள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் என்றால் வழி தவறினாலும் யாரிடமும் கேட்க மாட்டார், அவர் கையில் மேப்பைக் கொடுக்காதீர்கள். ரிட்டயர்டு நர்ஸ் என்றால் தண்ணீர் பாட்டில் கவலையை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் தூங்கலாம். போனில் வாயால் சொல்கிற எதையும் ஷீட்டில் எழுதுங்கள். அச்சடித்து முடித்திருந்தாலும் திரும்ப அடியுங்கள். அந்த ஒரு தாளுக்குச் சோம்பல்பட்டவன் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு ருக்மணி அம்மா போன் பண்ணினார்கள். அவர்களிடமிருந்து போன் வருவது எனக்கு எப்போதும் சந்தோஷம், கொஞ்சம் நடுக்கமும்கூட. அதே பூங்காவுக்கு மறுபடி போய்விட்டு வந்திருக்கிறார்கள். மகள், மாப்பிள்ளை, இவர்கள் இருவர். இந்த முறை ஒரே வண்டி.

"கேட்ல ஒரு பொண்ணு இருந்துச்சுங்க தம்பி. குனிஞ்சு உள்ள பாத்துச்சு. இவர அடையாளம் கண்டுக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. இவருக்கு அந்தப் பொண்ண ஞாபகமே இல்லீங்க. எங்க ரெண்டு பேர் கார்டையும் சேத்து நீட்டுனாரு. ஒரே வண்டிதான, ஒரு கார்டு போதும்னு அது இங்கிலீசுல சொல்லுச்சு. இவரு விட்டாத்தான?"

"என்ன சொன்னாரும்மா?"

"ரெண்டு ஆளு உக்காந்திருக்கோம், ரெண்டையும் பாருங்கன்னுட்டாரு. அந்தப் பொண்ணு பின்னாடி வண்டியெல்லாம் நிக்க நிக்க, ரெண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் எங்கள உள்ள விட்டுச்சு."